உறங்கும் வித்துகள்: காட்டுப்பூந்தோட்டம் அமைப்போம்

வன்னியில் காட்டுப்பூக்களுக்குக் குறைவில்லை. வேலியில் காக்கணம், வெட்டவெளியில் ஆவரசு, வரம்போரத்தில் தும்பை, மணற்பாங்கான இடத்தில் கிலுகிலுப்பை என மாரியோடு அவை தாமாகவே வளர்கின்றன. நாமே வித்திட்டு வளர்க்க முயலும்போதுதான் அதிலுள்ள பாடம் புரிகிறது.

சென்ற வருடம் சித்திரை மழைக்குக் காக்கண வித்துகளை எங்கள் வளவில் விதைத்தேன். பாதியை மட்டும் கரடான கல்லில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்திருந்தேன். தேய்த்தவை விரைவில் முளைத்தன. பின்னர் வந்த வெயிலிலும் காற்றிலும் கருகிவிட்டன. தேய்க்காதவை முளைக்கவேயில்லை. எல்லாம் வீண் என்றிருந்தேன். ஐப்பசி மழைக்கு அவற்றுட் பல முளைத்தெழுந்தன!

காக்கணம், ஆவரசு, கிலுகிலுப்பை ஆகியவற்றின் வித்துறை கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. உயிரியலில் இதனை வித்து உறங்குநிலை என்கிறோம். எல்லா வித்துகளும் ஒரே மழைக்கு முளைத்தால், அம்மழை ஏமாற்றும் வருடத்தில் எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879 இல் 20 போத்தல்களில் வித்துகளைப் புதைத்து வைத்தார். 2021 இல் தோண்டியெடுத்த போத்தலிலிருந்தும் சில வித்துகள் முளைத்தன.

இனி, செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம். மாரி முடிந்தபின் காய்ந்த காய்களைச் சேகரித்து, உலர்த்தி, கடதாசி உறையில் இடுங்கள். வீதியோரமும் வேலியுமே போதும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள காட்டுக்குள் போகவேண்டாம். கார்த்திகைப்பூ அழகானது; எனினும் அதன் கிழங்கும் வித்தும் கொடிய நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தவிருங்கள்.

வெயில் நன்கு படும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். பசளை இடவேண்டாம், இட்டால் புல்லே முந்தி வளரும். ஐப்பசியின் முதல் மழைக்கு முளைக்கும் களைகளை மேலாகக் கொத்தி அகற்றிய பின்னரே விதையுங்கள். கடின வித்துகளில் பாதியைத் தேய்த்தும் பாதியை அப்படியேயும் இடுங்கள். அவற்றை விரல்நக அளவு ஆழத்தில் மூடலாம். தும்பை வித்து சிறியது. உலர்மணலோடு கலந்து தூவி, கையால் அழுத்தினால் போதும். எறும்பும் குருவியும் கொஞ்சம் கொண்டுபோகும். அதுவும் ஸதகாதானே!

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவும் இந்த வளவை விட்டுப் போனார். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. கிணற்றடியில் காக்கணம் பூத்திருந்ததாம். நான் விதைத்தது அந்தக் கொடியின் வித்துகளைத்தான். இம்முறை சேகரித்தவற்றில் ஒரு பகுதியை உறையிலிட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி வரட்டும்.