தேர்ச்சி விகிதம் சொல்லாத கணக்கு



மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததும் பள்ளிக்கூட மதில்களில் பேனர்கள் ஏறிவிடும். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற வரி எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கும். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலையும் பெற்றோர் பலர் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நிதியுதவி கேட்டு வரும் விண்ணப்பங்களையும் சில ஊர்களில் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்பதை நாம் ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பத்தாம் வகுப்புக்கு 5 பாடங்கள், 500 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதே தேர்ச்சி விகிதம். 'எழுதியவர்களில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெயர் பதிவாகியும் தேர்வுக்கு வராத பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை. பல நாள் பேசப்பட்ட செய்தி அது. அவர்களில் ஒருவர்கூட எந்தப் பள்ளியின் விகிதத்தையும் குறைக்கவில்லை.

அதற்கு முன்பே விடுபட்டவர்களும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் சலித்தெடுப்பது ஒன்பதாம் வகுப்பில்தான் நடக்கிறது. அங்கே நிறுத்தப்பட்ட பையன், டி.சி. வாங்கிக்கொண்டு போன பையன், இருவருமே பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வருவதில்லை. நம் பிள்ளைகள் கடைக்கும் பட்டறைக்கும் போய்ச் சேருகிற வயதும் அதுவே. ஆண்டுதோறும் மாநில முடிவுகளில் மாணவிகளைவிட மாணவர்கள் பின்தங்குகிறார்கள். பாதியில் நின்றவர்களையும் சேர்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு மஹல்லாவும் தானே எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்பது. நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறது ஒரு பள்ளி. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் 430 எடுக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் சேர்ந்த பிள்ளை 290 எடுக்கிறது. 430தான் பெரிய எண். ஆனால் ஆசிரியரின் உழைப்பு எங்கே அதிகம்? முன்னது அடைவு, பின்னது முன்னேற்றம். இரண்டும் வேறு வேறு.

இங்கிலாந்தில் 2016 முதல் இதற்கென்றே 'புரோகிரஸ் 8' என்ற அளவு வந்தது. 11 வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை நாடு முழுவதும் ஒரு குழுவாகக் கொள்வார்கள். 16 வயதில் 8 பாடங்களில் அந்தக் குழுவின் சராசரியை எடுத்து, இந்தப் பள்ளியின் பிள்ளை அதைவிட மேலா கீழா என்று பார்ப்பார்கள். பூஜ்யம் என்றால் நாட்டின் சராசரி. வீட்டு வறுமையை இந்த அளவு பார்ப்பதில்லை என்ற குறை அங்கேயே பேசப்படுகிறது. அது நியாயமான குறைதான்.

வறுமையிலும் ஒரு வட்டாரம் மேலேற முடியும் என்பதற்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் சான்று. வங்கதேச முஸ்லிம்கள் திரளாக வாழும் ஏழைப் பகுதி அது. 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் 149 கல்வி வட்டாரங்களில் கடைசி இடம். 2013இல் நாட்டின் சராசரியைத் தாண்டியிருந்தது. அரசு நிதி தாராளமாகக் கிடைத்தது, நல்ல தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள், ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தொடர்ந்து குறித்துவந்தார்கள். நமக்கு முக்கியமானது, கிழக்கு லண்டன் பள்ளிவாசல் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து வருகைக்காக வேலை செய்தது. படிப்பு நாட்களில் பிள்ளைகளைச் சொந்த ஊருக்கு வாரக்கணக்கில் அழைத்துப்போகும் வழக்கம் அங்கே பெரிய தடையாக இருந்தது. மூன்று நாள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போடும் நமக்கு அது புதிதல்ல.

பணம் அதிகம் செலவாகாத சில வேலைகளை நம் மஹல்லாவில் தொடங்கலாம். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒன்பதில் எத்தனை பேர், தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பத்தித் தமிழ், நான்கு கணக்கு கொடுத்து, ஜூனிலும் ஜனவரியிலும் குறித்து வைக்கலாம். தொடர்ந்து வராத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே உஸ்தாதுக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவில் 450க்கு மேல் எடுத்தவர்களோடு, காலாண்டில் மூன்று பாடத்தில் தவறி முழுத்தேர்வில் தேறிய பிள்ளையையும் மேடைக்கு அழைக்கலாம்.

சின்னப் பள்ளியின் எண்ணைக் கொஞ்சம் பொறுத்தே பார்க்க வேண்டும். 20 பேர் எழுதும் இடத்தில் 2 பேருக்குக் காய்ச்சல் வந்து தவறினால் விகிதம் 10 சதவீதம் சரியும். மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்பது மொத்த எண்ணிக்கையாக இருக்கட்டும். தனிப்பட்ட பிள்ளையின் மதிப்பெண் பள்ளிவாசல் பலகைக்கோ மைக்குக்கோ போகக் கூடாது.