இணைப்பு அறுந்தால் தீர்மானமும் நிற்கும்: ஜூமில் நடக்கும் மன்றக் கூட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சன்னிவேல் போன்ற ஓர் ஊரின் நூலக ஆணையத்திலோ திட்ட ஆணையத்திலோ உங்களை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அல்லது சிட்டி கிளார்க் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரமே ஜூமில் ஒரு கூட்டம். தினம் நாலு ஜூம் பார்த்தவர்தானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அசட்டையாக உட்கார்ந்துவிடாதீர்கள். கம்பெனிக் கூட்டத்தில் இணைப்பு போனால் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வரலாம். மக்கள் மன்றத்தின் கூட்டத்தில் இணைப்பு போனால், அந்த நேரத்தில் எடுத்த முடிவின் மேல் வழக்கு வரலாம்.

காரணம் பிரவுன் சட்டம். உள்ளாட்சி அமைப்புகள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பதைப் பற்றி மைக்கேல் ஹாரிஸ் என்ற நிருபர் 1952-இல் ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ இதழில் தொடர் எழுதினார். மறு ஆண்டே, சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் பெயரால் இந்தச் சட்டம் வந்தது. நகர மன்றம், கவுண்டி மேற்பார்வையாளர் சபை, பள்ளி வாரியம், குடிநீர் வாரியம், இவை நியமிக்கும் ஆணையங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பும் நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். உள்ளே வர பெயரைப் பதிவு செய்யச் சொல்லக் கூடாது. விசாவில் இருப்பவரும் பேசலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

கொரோனாவுக்கு முன்பும் தொலைவிலிருந்து கலந்துகொள்ள வழி இருந்தது. ஆனால் அதற்கு விதித்த நிபந்தனைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். உறுப்பினர் வீட்டிலிருந்து பேசுகிறார் என்றால் அந்த வீட்டு முகவரி நிரலில் அச்சாக வேண்டும், வாசலில் நிரலை ஒட்ட வேண்டும், யாராவது வந்து கதவைத் தட்டினால் உள்ளே விட வேண்டும். அதோடு, கோரத்துக்குத் தேவையான அளவு உறுப்பினர்கள் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாகத் தேவைப்படும் குறைந்தபட்ச வருகை.

2020 மார்ச்சில் ஆளுநர் கேவின் நியூசம் பிறப்பித்த என்-25-20, என்-29-20 ஆணைகள் அந்த நிபந்தனைகளை நிறுத்திவைத்தன. 2021 செப்டம்பர் 30-உடன் அந்தச் சலுகை முடிந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஏபி 361 என்ற சட்டம். மாநில அளவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்தால், நேரில் கூடுவது உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று மன்றம் வாக்கெடுத்துப் பதிவு செய்துவிட்டு முழுக்க இணையத்திலேயே கூடலாம். அந்தப் பதிவை 30 நாளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தது. பின்னால் வந்த ஏபி 557 அதை 45 நாளாக்கியது. சட்டத்துக்கு வைத்திருந்த காலாவதித் தேதியையும் எடுத்துவிட்டது. கொரோனா அவசரநிலை 2023 பிப்ரவரி 28-இல் முடிந்தது. ஆனால் அடுத்த கொள்ளைநோயோ பெருந்தீயோ வந்து அவசரநிலை அறிவிக்கப்பட்டால் இந்த விதி மறுபடி வேலைக்கு வரும். அன்றைக்குப் புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

நீங்கள் ஊழியர் என்றால் முதல் வேலை நிரலில் இருக்கும் ஜூம் முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியா என்று பார்ப்பது. நிரலை ஒட்டிய பிறகு, அலுவலகக் கணினியிலிருந்து அல்ல, உங்கள் கைப்பேசியிலிருந்து, வெளியாள் போல நுழைந்து பாருங்கள். தொலைபேசி எண்ணையும் அழைத்துப் பாருங்கள். வீட்டில் இணையம் இல்லாத முதியவருக்கு அந்த எண்தான் மன்றத்தின் வாசல்.

அடுத்ததுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. ஒளிபரப்பு நின்றாலோ, மன்றத்தின் தரப்பில் ஏற்பட்ட கோளாறால் பொதுமக்கள் பேச முடியாமல் போனாலோ, அது சரியாகும் வரை மன்றம் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஏபி 361 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. உறுப்பினர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களைப் பொறுத்தவரை கூட்டம் ஓடுகிறது. வெளியே பார்வையாளருக்குத் திரை கறுத்துக் கிடக்கும். இதை உள்ளே இருப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஓர் ஊழியர் வேறொரு கருவியில் பார்வையாளராக நுழைந்து கூட்டம் முடியும் வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்த நிமிடத்தில் தலைவரிடம் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். தலைவர் மேயராக இருந்தாலும் தயங்க வேண்டாம். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மீண்டது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். பிரவுன் சட்டத்தை மீறி எடுத்த முடிவை எதிர்த்து எவரும் எழுத்தில் முறையிடலாம். அதைச் சரிசெய்ய மன்றத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. சரிசெய்யாவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உங்கள் குறிப்புதான் சாட்சி.

பொதுமக்கள் கருத்து நேரத்தில் பலரும் சறுக்குகிறார்கள். கருத்துகளை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், நேரலையில் பேச இடமில்லை என்று ஏபி 361-இன் கீழ் சொல்ல முடியாது. இருபது நிமிடம் என்று நேரம் குறித்திருந்தால், கையுயர்த்தியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று பத்தாவது நிமிடத்தில் மூடவும் கூடாது. தொலைபேசியில் வருபவருக்கு மியூட்டை எடுக்கவே அரை நிமிடம் ஆகும். பொறுத்திருங்கள்.

வாக்கெடுப்பு பெயர் சொல்லி அழைத்துத்தான் நடக்க வேண்டும். தலையசைப்பு, கட்டைவிரல் படம் எதுவும் எண்ணிக்கையில் வராது.

இனி உறுப்பினர்களுக்கு. காண்ட்ரா கோஸ்டா கவுண்டியில் ஓக்லி என்று ஓர் ஊர். 2021 பிப்ரவரி 17 அன்று அந்த ஊர்த் தொடக்கப் பள்ளி வாரியம் இணையத்தில் கூடியது. கூட்டம் இன்னும் தொடங்கவில்லை, தாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்று உறுப்பினர்கள் நினைத்துக்கொண்டார்கள். பள்ளியைத் திறக்கச் சொல்லும் பெற்றோர்களுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்ற தொனியில் ஏளனமாகப் பேசினார்கள். எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. சில நாட்களுக்குள் வாரியம் முழுவதும் பதவி விலகியது. வல்லேஹோ நகரத் திட்ட ஆணையத்தில் ஒருவர் 2020 ஏப்ரலில் ஜூம் கூட்டத்தின் நடுவே தன் பூனையைத் தூக்கி எறிந்தார். அவரும் விலகினார். கருவியைத் திறந்த நொடியிலிருந்து மூடும் நொடி வரை ஊர் பார்க்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைவிட ஆபத்தானது அரட்டைப் பெட்டி. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒருவர் வழியாக ஒருவராக ரகசியமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தால், அதுவே சட்டவிரோதக் கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் நடந்தாலும் அப்படித்தான். 2021-இல் நடைமுறைக்கு வந்த ஏபி 992 இன்னும் ஒரு படி மேலே போனது: மன்றத்தின் விவகாரம் பற்றி சக உறுப்பினர் சமூக ஊடகத்தில் போட்ட பதிவுக்கு நீங்கள் ஒரு ‘லைக்’ போடுவதும் கூடாது. சொந்த போன்தானே என்ற சமாதானமும் செல்லாது. மன்ற வேலை பற்றிய செய்தி சொந்தக் கணக்கில் இருந்தாலும் அது பொது ஆவணமே என்று சான் ஹோசே நகர வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துவிட்டது. கூட்டத்தின்போது மன்ற அரட்டைப் பெட்டியையே மூடி வைப்பது என் யோசனை. பொதுமக்கள் இல்லாமல் நடக்கும் மூடிய அமர்வு என்றால் தனி இணைப்பும் ஹெட்போனும் பூட்டிய அறையும் வேண்டும். வீட்டுக்காரர் காதிலும் விழக் கூடாது.

வசைபாடுபவர்களை என்ன செய்வது? கூட்டத்துக்கு இடையூறு செய்தால் எச்சரித்துவிட்டு, தொடர்ந்தால் வெளியேற்றலாம் என்று 2023 முதல் எஸ்பி 1100 அதிகாரம் தருகிறது. ஆனால் ஒருவர் சொல்லும் கருத்து பிடிக்கவில்லை என்பது இடையூறு ஆகாது. இந்த எல்லையை வகுக்க முடியாமல் திணறிய மன்றங்கள் உண்டு. இனவெறி அழைப்புகள் குவிந்ததும் 2023-இல் சான் பிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் சபை, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்குத் தந்து, தொலைவழிக் கருத்தையே நிறுத்திவிட்டது. அன்றைய சட்டப்படி அதில் தவறில்லை. வேலை, குழந்தை, நோய் என்று வீட்டோடு கட்டுண்டவர்களுக்கு அது இழப்பு என்பது என் எண்ணம்.

அவசரநிலை இல்லாத நாட்களில் உறுப்பினர் வீட்டிலிருந்து கலந்துகொள்ளும் விதி வேறு. 2023-இல் வந்த ஏபி 2449 அதற்குத் தகுந்த காரணம் கேட்டது. கேமரா போட்டிருக்க வேண்டும், அறையில் 18 வயது நிரம்பிய வேறு யாராவது இருந்தால் அறிவிக்க வேண்டும் என்றது. 2025-இல் நிறைவேறிய எஸ்பி 707 இந்த விதிகளை மறுபடி மாற்றியமைத்திருக்கிறது. அதனால் பழைய கையேட்டை நம்பாமல், பதவியேற்ற வாரமே சிட்டி அட்டர்னியிடம் இன்றைய நிலவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் எந்தப் பதவியிலும் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: ஊரின் ஆணையங்களில் அடுத்த ஆண்டு காலியாகப்போகும் இடங்களின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டும் என்று மேடி சட்டம் சொல்கிறது. சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள்.