சூரியன் தூரம் போனால் காய்ச்சல் வருமா?

மாணவர்களே, ஜூலை மாதம் நெருங்கும்போது புலனக் குழுக்களில் வலம் வரும் ஒரு செய்தியைப் பார்த்திருக்கிறீர்களா? ‘அபெலியன் நிகழ்வு தொடங்குகிறது. வழக்கமாக 90 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியன், இப்போது 152 மில்லியன் கிலோமீட்டருக்கு விலகிவிடும். குளிர் கூடும், காய்ச்சலும் இருமலும் வரும்’ என்பது அதன் சாரம். இதைச் சோதித்துப் பார்ப்போம்.

எது உண்மை?

பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 147 மில்லியன் கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 152 மில்லியன் கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. இந்த அதிகபட்சத் தொலைவு நிலைதான் அபெலியன். ஆண்டுதோறும் நிகழ்வது, புதிதல்ல.

எது பொய்?

முதலாவது, 90 மில்லியன் என்ற எண். வெள்ளிக் கோளே சூரியனிலிருந்து சுமார் 108 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அச்செய்தி சரியென்றால், பூமி வெள்ளியைத் தாண்டிச் சூரியனுக்கு அருகில் இருக்க வேண்டும்!

இரண்டாவது, குளிர். சூரியன் மிகத் தொலைவில் இருக்கும் ஜூலையில்தான் வட அரைக்கோளத்தில் கோடைக்காலம். பருவங்கள் மாறுவதற்குக் காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் மேகம், மழை, பருவக்காற்று ஆகியவையே.

மூன்றாவது, நோய். சளிக்காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமி, தொலைவு அல்ல.

நம்பினால் என்ன கெட்டுவிடும்?

வீட்டில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல். “எல்லாம் அபெலியன்தான், தானாகப் போய்விடும்” என்று விட்டுவிட்டால்? அது டிங்கியாக இருக்கலாம். டிங்கியில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகிறது. அப்போது தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓர் உண்மையைச் சுற்றிப் பல பொய்களைக் கட்டியிருப்பதால்தான் இத்தகைய செய்திகள் எளிதில் ஏமாற்றுகின்றன. ஆகவே, ஒரு வரி சரியாக இருப்பதைக் கண்டு முழுச் செய்தியையும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே சோதியுங்கள். பாடநூலைப் புரட்டுங்கள்; வானிலைத் துறை, சுகாதார அமைச்சு ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். சரிபார்க்க முடியாததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒளி ஒரு வினாடியில் சுமார் 300,000 கிலோமீட்டர் செல்கிறது. சூரிய ஒளி 90, 147, 152 மில்லியன் கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? சூரிய ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 8 நிமிடங்களாகும் என்று படித்திருப்பீர்கள். உங்கள் மூன்று விடைகளில் எது அதற்கு ஒத்துவரவில்லை?