பனிக்கால ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறீர்களா?

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1894-இல் தொடங்கிய ‘அரவுண்ட் தி பே’ 30 கி.மீ. ஓட்டம் மார்ச் கடைசியில் வரும். காலண்டரில் வசந்தம், ஏரிக்காற்றுக்கு அது தெரியாது. பயிற்சி முழுக்கப் பனிக்காலத்தில்தான்.

உடைதான் பாதி வேலை. வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி வெப்பம் கூடுதல் என நினைத்து உடுத்துங்கள். தொடக்கக் கோட்டில் லேசாக நடுங்கினால் சரியான உடுப்பு; அங்கேயே கதகதப்பாக இருந்தால் சீக்கிரமே வேர்த்துக் கொட்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேகம் குறைந்ததும் உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் போதும். விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன், சாதாரணக் கையுறையைவிடச் சூடு தரும். காத்திருக்கும்போது, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்ட பெரிய குப்பைப் பையை மாட்டிக்கொள்ளலாம். அழகாக இருக்காது, பரவாயில்லை. பக்கத்தில் நிற்பவரும் அப்படித்தான் நிற்பார்.

ஆஸ்துமா உள்ளவர்கள் வாயை மூடி மெல்லிய துணி கட்டுங்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் மேசைகள் அருகே சிந்திய நீர் உறைந்திருக்கும். அங்கே நடந்தே போங்கள். பளபளக்கும் தார்ச்சாலையை ஈரம் என்று நம்பாதீர்கள், கண்ணாடி போன்ற பனிக்கட்டியாக இருக்கலாம். அடியைச் சிறிதாக வையுங்கள். சொந்தச் சாதனை நேரத்தை வேறொரு பருவத்தில் துரத்தலாம்.

பயிற்சியின்போது எதிர்காற்றில் கிளம்பி, காற்று முதுகில் படத் திரும்புங்கள்.

முடித்ததும் ஈர உடையை மாற்றுங்கள், சாக்ஸ் உட்பட. பதக்கத்தோடு படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.