நஷ்டஈட்டு மனுவை எந்த ஊரில் கொடுப்பது?

மாப்பிள்ளையூரணிப் பக்கத்து அங்கத்தினர் இல்லங்களில் ஒருவர் தறியிலோ வயலிலோ இருப்பின், இன்னொருவர் லாரியிலோ தோணியிலோ பிழைப்பு நாடி வெளியூர் செல்வதைக் காண்கிறோம். அவ்வாறு சென்ற லாரி கிளீனர் ஒருவர் குஜராத்தில் விபத்தில் மாண்டார் எனக் கொள்வோம். அவர் மனைவி குஜராத்துக்குச் சென்றுதான் நஷ்டஈடு கேட்கவேண்டுமா?

வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விபத்து நிகழ்ந்த பகுதியின் கமிஷனரையே முதலில் காட்டியது. 1995-இல் செய்த திருத்தம், மனுதாரர் வழக்கமாக வசிக்கும் ஊரையும் முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள ஊரையும் சேர்த்தது. 2007-இல் மோர்ஜினா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றமும் குடியிருக்கும் ஊரில் மனுச் செய்யும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. கமிஷனர் என்ற பெயர் போய்த் தகுதிவாய்ந்த அதிகாரி என்றாயிற்று. மூன்று இடங்களும் அப்படியே நிற்கின்றன. வேற்றிடத்தில் மனு வந்தால், விபத்து நடந்த பகுதியின் அதிகாரிக்கு அறிவிப்புக் கொடுப்பது மனுவைப் பெறும் அதிகாரியின் கடமை. அந்தச் சுமை விதவையின் தலையில் இல்லை.

அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஆடும் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கும் இதே சிக்கல் எழுந்தது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த காயத்துக்கும் கலிபோர்னியாச் சட்டம் ஈடு அளித்தமையால், பிற மாநில அணியினர் பலர் அங்கே மனுச் செய்தனர். 2013-இல் அம்மாநிலம் அவ்வழியைப் பெரிதும் குறுக்கிவிட்டது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இடம் மாறினால் தொகையும் மாறும். நமக்கோ இவ்விஷயத்தில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். எங்கே மனுச் செய்யினும் ஈட்டுக் கணக்கு ஒன்றே. மாறுவன வழிச்செலவும், வக்கீல் செலவும், விசாரணை நடக்கும் மொழியுமே. ஏழைக் குடும்பத்துக்கு இவை அற்பமல்ல.

தோணித் தொழிலாளர் விஷயம் சற்று வேறு. மாலத்தீவுக்குச் சென்ற தோணியில், இந்தியாவுக்கு வெளியே விபத்து நேர்ந்தால், தோணியின் உரிமையாளரோ ஏஜெண்டோ வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் பகுதியின் அதிகாரியிடம் மனுச் செய்யலாம். உரிமையாளர் தூத்துக்குடிக்காரராயின் மாலேக்கு அலைய வேண்டுவதில்லை. ஆகவே தோணி ஏறுமுன் அதன் பெயரையும் உரிமையாளர் விலாசத்தையும் வீட்டில் எழுதிவைத்துச் செல்வது நலம்.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள் அந்த வழியிலேயே பலன் கோரவேண்டும். மற்றவர்கள், விபத்து அல்லது மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். குடியிருப்பைக் காட்டக் குடும்ப அட்டையின் நகலை மனுவுடன் இணைக்கலாம்.