கணப்பின் சூடு கூரைக்கு மேலே போகாமலிருக்க

டென்மார்க்கில் 1960களிலும் 70களிலும் கட்டிய செங்கல் வீடுகள் பலவற்றில் வரவேற்பறைச் சுவரோடு சேர்ந்து ஒரு திறந்த கணப்பு இருக்கும். டேனிஷ்காரர் அதை பைஸ் என்பார்கள். 1980களின் நடுப்பகுதி தொடங்கி யூட்லாந்தின் சிற்றூர்களில் குடியேறிய நம்மவர்களில் அப்படிப்பட்ட வீடுகளை வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கணப்பில் நெருப்பு மூட்டினால் முன்னால் இருப்பவரின் முகம் காய்கிறது, முதுகு குளிர்கிறது. பக்கத்து அறையோ முன்பைவிடக் குளிர்ந்துபோகிறது.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. மணிக்கு 3 கிலோ எரித்தால் 12 யூனிட். அதில் பத்திலொரு பங்கு, நல்ல கணப்பாக இருந்தால் ஏழிலொரு பங்கு அறைக்குக் கிடைக்கும். ஒன்றரை யூனிட் என்று கொள்ளுங்கள். மறுபக்கம், நெருப்பு வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் புகைபோக்கி வழியாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது மணிக்கு 300 கன மீட்டர் என்று வைத்தாலும், வெளியே 0 பாகை, உள்ளே 20 பாகையாக இருக்கும் நாளில், ஈடாக உள்ளே நுழையும் குளிர்காற்றைச் சூடாக்க மணிக்கு 2 யூனிட் செலவாகும். ஒன்றரை வந்து இரண்டு போகிறது. அந்த வித்தியாசம் ஃபியர்ன்வார்ம எனும் பொது வெப்ப விநியோகத்தின் கட்டணத்தில் வந்து சேரும்.

இந்த நிலைமைக்கு ஒரு மருந்தாக விற்கப்படுவதுதான் குழாய்க் கிராதி. விறகை அடுக்கும் இரும்புக் கிராதியையே பொள்ளலான, வளைந்த குழாய்களால் செய்திருப்பார்கள். குழாயின் கீழ்வாய் அறையின் தரைப்பக்கம் திறந்திருக்கும். நடுப்பகுதி தணலுக்கு அடியிலும் பின்னாலும் வளைந்து, மேல்வாய் சுடருக்கு மேலே மறுபடி அறையை நோக்கி நிற்கும். கீழே குளிர்காற்று நுழைந்து, மேலே கொதிக்கும் காற்றாக வெளியே வரும். சிலவற்றில் காற்றைத் தள்ள ஒரு சிறு விசிறியும் உண்டு. புகையும் அறைக்காற்றும் கலப்பதில்லை.

டேனிஷ் உழவர்கள் இந்தத் தத்துவத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். பழைய பண்ணை வீடுகளில் பிலெகர் அடுப்பு என்றொன்று இருந்தது. வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆன பெட்டி வரவேற்பறையில் நிற்கும், அதன் வாய் மட்டும் சுவருக்கு மறுபக்கம் சமையலறையில் திறக்கும். விறகு போடுவது சமையலறையில், புகை போவதும் அந்தப் பக்கமே. வரவேற்பறைக்கு வெறும் சூடு மட்டும். கோபன்ஹேகனுக்கு வடக்கே லிங்பியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தின் பண்ணை வீடுகளில் அந்த அமைப்பை நேரில் பார்க்கலாம். அந்த அடுப்பு சூட்டையும் கொடுத்தது, வரவேற்பறைக் காற்றையும் தின்னவில்லை. குழாய்க் கிராதி முதல் வேலையை மட்டும் செய்கிறது. வரவைக் கூட்டும், இழப்பை நிறுத்தாது. கீழே உள்ளவற்றை இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

வாங்குமுன் புகைபோக்கி துப்புரவாளரிடம் கேளுங்கள். டேனிஷில் ஸ்கோர்ஸ்டன்ஸ்ஃபையர் எனப்படும் அவர் எப்படியும் ஆண்டுதோறும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்தான். புகைபோக்கிக்குள் வெடிப்பு இருக்கிறதா, இழுவை போதுமா, இந்தக் கருவியை உங்கள் கணப்பில் வைக்கலாமா என்ற மூன்றையும் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்.

கணப்பை நான்கு இடங்களில் அளந்துகொள்ளுங்கள்: முன்வாயின் அகலம், பின்சுவரின் அகலம், ஆழம், உயரம். கணப்புகள் பின்னால் குறுகிப்போவது வழக்கம். முன்னளவை மட்டும் பார்த்து வாங்கிய கிராதி உள்ளே போகாது. எல்லாவற்றையும்விட மேல்வாய் நிற்கும் இடம் முக்கியம். அது கணப்பின் நெற்றிக்கல்லுக்குக் கீழே, அதன் முன்விளிம்பைத் தாண்டி அறைக்குள் நீண்டிருக்க வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் நீங்கள் சூடாக்கிய காற்றும் புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். விலைகொடுத்து வாங்கிய பலனெல்லாம் அந்தச் சில சென்டிமீட்டரில் இருக்கிறது.

நெருப்புக்குத் தேவையான காற்றை அதன் அருகிலேயே கொடுங்கள். கணப்பிருக்கும் அறையில் வெளிக்காற்றுத் துவாரம் இருந்தால் அதைத் திறந்து, மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்திவையுங்கள். துவாரம் இல்லையென்றால் அதே அறையின் சன்னலை விரல் அளவு திறக்கலாம். குளிர்காலத்தில் சன்னலைத் திறக்கச் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் நெருப்பு தனக்கு வேண்டிய காற்றை எங்கிருந்தாவது எடுத்தே தீரும். பிள்ளைகள் தூங்கும் அறையின் சன்னல் இடுக்கு வழியாக அது வருவதைவிட இது நல்லது.

விறகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையச் சூடு அங்கேதான் தொலைகிறது. ஈரப்பதம் 18 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். விறகில் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு லீட்டர் தண்ணீரையும் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பம் வீணாகிறது. அந்த ஆவி சுடரையும் குளிர்விப்பதால் புகை பெருகி, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. பின்னாளில் புகைபோக்கி தீப்பிடிப்பதற்கு அந்தத் தார்தான் எரிபொருள். பீச், பேர்ச், ஆஷ் மூன்றும் இங்கே நன்றாகக் கிடைக்கும் மரங்கள். பிளந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவைத்து, குறைந்தது ஒரு கோடையாவது காயவிடுங்கள். பீச் தடிப்பாக இருந்தால் இரண்டு கோடை. மேற்கு யூட்லாந்தின் மழையில் நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றி வைத்த விறகு காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். ஈரமானி மலிவான கருவி. அளப்பதற்குக் கட்டையை அப்போதே பிளந்து, புதிய முகத்தில் அதன் ஊசியைக் குத்துங்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்ததுபோலவே காட்டும்.

மேலிருந்து கொளுத்துங்கள். தடித்த கட்டை கீழே, சுள்ளி மேலே. புகை சுடரைக் கடந்து போகும்போது எரிந்துவிடுகிறது.

விசிறி உள்ள கிராதியானால், கட்டைகள் நன்றாகப் பிடித்துத் தணல் விழுந்த பிறகே விசிறியைப் போடுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் குழாய்கள் குளிர்ந்து, நெருப்பைச் சுணங்க வைக்கும். கொழுந்துவிட்டு எரியும்போது அதை அணைத்துவைப்பதும் தவறு. காற்று ஓடாத குழாய் அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் அரித்துப்போகும்.

இலையுதிர்காலத்தில் முதல் நெருப்புக்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் துடைத்து, விளக்கொளியில் ஓட்டை பாருங்கள். ஊசித்துளை அளவு இருந்தாலும் அந்தக் கிராதியைப் பயன்படுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு நேரே அறைக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கணப்பறையிலும் ஒன்று படுக்கையறையிலும் இருப்பது கட்டாயம் என்றே எண்ணுங்கள்.

செய்யக்கூடாதவை

கணப்பு எரியும்போது சமையலறைப் புகையுறிஞ்சியை ஓட விடாதீர்கள். நம் வீடுகளுக்கு இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் உறிஞ்சியை முழு வேகத்தில் வைப்பது நம் வழக்கம். காற்றிறுக்கமாகக் கட்டிய டேனிஷ் வீட்டில் அது புகைபோக்கியின் இழுவையைத் தோற்கடித்து, புகையைக் கீழ்நோக்கி வரவேற்பறைக்குள் இழுத்துவிடும். சமையலை முடித்துக்கொண்டு நெருப்பை மூட்டுங்கள்.

கடையில் வாங்கிய நாகமுலாம் பூசிய தண்ணீர்க் குழாயை வளைத்து நீங்களே கிராதி செய்யாதீர்கள். தணலில் நாகம் எரிந்து நச்சுப்புகை வரும். வெப்பம் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு விலை கூடியதுதான், ஆனால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

சாயம் பூசிய பலகை, பழைய தளபாடம், பூச்சிட்ட பால் பெட்டி, விளம்பரத்தாள் எதையும் எரிக்காதீர்கள். வீட்டுக் குப்பையை எரிப்பது சட்டப்படி குற்றம். டென்மார்க்கிலேயே உண்டாகும் நுண்துகள் மாசில் பெரும்பங்கு வீட்டு விறகுப் புகையிலிருந்துதான் வருகிறது. பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் உங்கள் புகைபோக்கிதான் அதன் இரவைத் தீர்மானிக்கும்.

தணல் முழுவதும் அணையாமல் புகைபோக்கியின் மூடுதகட்டை மூடாதீர்கள். சூட்டைப் பிடித்துவைக்கலாம் என்று தூங்கப்போகுமுன் மூடுவதுதான் ஆபத்து. அணைந்தபின் மூட மறப்பதும் தவறு, ஏனென்றால் திறந்த புகைபோக்கி இரவு முழுக்கச் சூட்டை வெளியே விடும்.

சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத்தொட்டியிலோ உடனே கொட்டாதீர்கள். நாட்கணக்கில் உள்ளே தணல் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளி, வீட்டுக்கு வெளியே, கல் தரையில்.

இதையெல்லாம் செய்தும் கணப்பையே வீட்டின் முதன்மைச் சூடாக நினைக்காதீர்கள். தினமும் விறகெரிக்கும் எண்ணம் இருந்தால் குழாய்க் கிராதிக்குப் பணம் போடுவதைவிட, கணப்பின் வாய்க்குள் பொருந்தும் கண்ணாடிக் கதவுள்ள அடுப்புப்பெட்டியை வாங்குவதே சரி என்பது என் முடிவு. விறகின் வெப்பத்தில் முக்கால்பங்குக்குக் குறையாமல் அறைக்கு வரும், வீட்டுக்காற்றும் பெருமளவு மிஞ்சும். பழையதை வாங்கிப் பொருத்த வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் அடுப்புகளுக்குக் கடுமையான விதிகள் இருக்கின்றன. 2003க்கு முன் செய்த விறகடுப்போ அடுப்புப்பெட்டியோ உள்ள வீட்டை வாங்குகிறவர் அதை அகற்றவோ மாற்றவோ வேண்டும் என்ற சட்டம் 2021 ஆகஸ்ட் முதல் டென்மார்க்கில் நடப்பில் உள்ளது. திறந்த கணப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புதுப்பெட்டியைப் பொருத்தியதும், துப்புரவாளர் வந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை அதில் ஒரு குச்சியும் கொளுத்த வேண்டாம்.