நெடுவரிசையைக் கேட்டால் சொல்லும்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் மைஎஸ்கியூஎல் நடத்தியபோது, பாடநூலின் எடுத்துக்காட்டு அட்டவணைக்குப் பதிலாக எங்கள் வகுப்புக்கே ஒன்றை உருவாக்கினோம். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைப்பேசி எண் என நான்கு நெடுவரிசைகள். அட்டவணையை உருவாக்கும் கட்டளையை நான் எழுதினேன். விவரங்களை உள்ளிடும் வேலையை ஒரு மாணவி ஏற்றுக்கொண்டு, இரண்டு நாள் மதிய இடைவேளையில் 34 பேரின் விவரங்களையும் தட்டச்சு செய்து முடித்தாள்.

மூன்றாம் நாள் செலக்ட் கட்டளை கொடுத்துப் பார்த்தால், 34 பேருக்கும் ஒரே கைப்பேசி எண்: 2147483647. "ஒரே எண்ணை எல்லாருக்கும் போட்டுவிட்டாயா?" என்று வகுப்பின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். "இல்ல டீச்சர், ஒவ்வொண்ணா ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் அடிச்சேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகுதான் டிஸ்கிரைப் கட்டளையோடு அட்டவணையின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டளை மாணவர் விவரம் எதையும் காட்டாது. ஒவ்வொரு நெடுவரிசையைப் பற்றியும் ஃபீல்டு, டைப், நல், கீ, டிஃபால்ட், எக்ஸ்ட்ரா என ஆறு செய்திகளைத் தரும். தரவைப் பற்றிய இந்தத் தரவைத்தான் மீத்தரவு என்கிறோம். வருகைப் பதிவேட்டின் தலைப்பு வரியோடு இதை ஒப்பிடலாம். ஆனால் பதிவேட்டின் தலைப்பு பெயரை மட்டும்தான் சொல்லும். இதுவோ, அந்தக் கட்டத்தில் எவ்வகை மதிப்பை எழுதலாம், மதிப்பே இல்லாமல் விடலாமா, எது முதன்மைத் திறவுகோல் என்பதையெல்லாம் சொல்லிவிடும்.

கைப்பேசி எண்ணுக்கு எதிரே, டைப் என்ற இடத்தில் இன்ட்(11) என்று இருந்தது. 11 இலக்கம் கொள்ளும் என்றே நான் பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன்! அந்த 11 திரையில் காட்டுவதற்கான அகலம். கொள்ளளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்ட் வகைக்கு 4 பைட்தான் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் கைப்பேசி எண்களோ 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்திலக்க எண்கள். எதுவும் 600 கோடிக்குக் குறையாது. கண்டிப்பு முறை இயங்கியிருந்தால் மென்பொருள் பிழை காட்டி மறுத்திருக்கும். எங்கள் ஆய்வகக் கணினியில் அது அணைக்கப்பட்டிருந்தது. அதனால் உச்ச வரம்பை எழுதிவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. அந்த எச்சரிக்கையை மாணவியும் கவனிக்கவில்லை, கவனிக்கும்படி நானும் சொல்லித் தந்ததில்லை.

தவறு என்னுடையது என்பதை அதே வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். ஆல்டர் கட்டளையால் நெடுவரிசையை வார்கேர்(10) என மாற்றினோம். வகை மாறினாலும் தொலைந்த எண்கள் திரும்புவதில்லை. நான் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, அவள் மறுபடியும் தட்டச்சு செய்தாள். கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத கைப்பேசி எண், ஆதார் எண் போன்றவற்றை எழுத்து வகையில் வைப்பதே நல்லது. முதலில் வரும் சுழியமும் அப்போதுதான் காணாமல் போகாது.

டிஸ்கிரைப் ஒரு நேரத்தில் ஓர் அட்டவணையைத்தான் காட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க, இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற தரவுத்தளத்தில் காலம்ஸ் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு கிடைவரிசை. 'இன்ட் வகையில் உள்ள நெடுவரிசைகள் எவை?' என்று வழக்கமான செலக்ட் கட்டளையாலேயே கேட்கலாம். உறவுநிலை மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1985இல் வெளியிட்ட விதிகளில் நான்காவது இதைத்தான் கோருகிறது: தரவுத்தளத்தைப் பற்றிய விவரமும் சாதாரணத் தரவைப் போலவே அட்டவணையில் இருக்க வேண்டும், அதே மொழியில் அதை வினவ முடிய வேண்டும்.

பைத்தானோடு எஸ்கியூலைட் நடத்துவோர் கவனிக்க: அங்கே டிஸ்கிரைப் செல்லாது, பிராக்மா டேபிள் இன்ஃபோ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அது காட்டும் வகையையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். சாதாரணமாக உருவாக்கிய அட்டவணையில், இன்டிஜர் நெடுவரிசையில் எழுத்துகளைக் கொடுத்தாலும் எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும்.

இப்போதெல்லாம் தரவைக் காட்டும் முன் டிஸ்கிரைப் வெளியீட்டை மட்டும் திரையிட்டு, எந்தப் பதிவை இந்த அட்டவணை மறுக்கும் என்று கேட்கிறேன். முதல் நாளே அந்த மாணவி எழுந்தாள். "பேருக்கு எதிர்ல, நல் என்ற இடத்துல யெஸ்னு இருக்கே டீச்சர், பேரே இல்லாத ஒருத்தரைச் சேர்க்கலாமா?"

சேர்த்துப் பார்த்தோம். சேர்ந்தது.